தாம்சன் மாதிரி தப்பு என்றால் அதை இன்னும் ஏன் நடத்துகிறோம்?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். அணு அமைப்புப் பாடம் வருடா வருடம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. டால்டன் வந்தார், பிளக்க முடியாத குண்டு என்றார். தாம்சன் வந்தார், தர்பூசணி என்றார். ரூதர்ஃபோர்டு தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகளை (கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் நேர்மின் துகள்) விட்டார், தர்பூசணி காலி. போர் வந்து வட்டப்பாதை போட்டார். கடைசியில் அதுவும் சரியில்லை, இனி ஆர்பிட்டால்தான் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள இடப்பரப்பு) என்று பாடம் முடிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஆயுள்.

இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, "எல்லாமே தப்புன்னா நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயிடலாமே சார்" என்றாள். நியாயமான கேள்வி. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற வசனத்தை இங்கே யாரும் எழுத வேண்டாம், அதை நானே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. எலக்ட்ரானைக் கண்டுபிடித்து நோபல் பரிசும் வாங்கிய ஒரு மனிதர், பழத்தில் விதை மாதிரி ஒரு படத்தை எதற்காக நம்பினார்? அது அவருக்கு என்ன வேலை செய்து கொடுத்தது?

சுரேஷ்_கோவை

"தாம்சன் மாதிரியின் குறைபாடுகளை எழுதுக" என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்காகத்தான் சார். அவர் இல்லையென்றால் வினாத்தாள் எடுப்பவர் பாடு திண்டாட்டம்.

சும்மா சொன்னேன். நானும் இதைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறேன்.

பழைய_தாள்

முதலில் அந்தத் தர்பூசணியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தாம்சன் 1904 மார்ச் மாத ஃபிலாசஃபிகல் மேகசின் இதழில் எழுதிய கட்டுரையில் பழமும் கிடையாது, புட்டிங்கும் கிடையாது. எலக்ட்ரான்கள் ஆங்காங்கே செருகிக்கொண்டு அசையாமல் கிடக்கவும் இல்லை. நேர்மின்னூட்டம் சீராகப் பரவிய ஒரு கோளம், அதற்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன. கட்டுரையில் பெரும்பகுதி கணக்குதான். ஒரு வளையத்தில் எத்தனை எலக்ட்ரான் இருந்தால் அது குலையாமல் நிற்கும்? ஐந்து வரை ஒற்றை வளையம் போதும். ஆறு ஆனதும் ஒன்று நடுவில் போய் உட்கார்ந்தால்தான் நிற்கும். எண்ணிக்கை கூடக்கூட உள்ளே இன்னொரு வளையம், அதற்கும் உள்ளே இன்னொன்று.

இது வெறும் தாள் கணக்கும் இல்லை. 1878இல் ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்கர் ஒரு சோதனை செய்திருந்தார். காந்தம் ஏற்றிய ஊசிகளைத் தக்கையில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஒரு பெரிய காந்தத்தைப் பிடித்தார். ஊசிகள் ஒன்றையொன்று விலக்கும், மேலே இருக்கும் காந்தம் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். ஐந்து ஊசி போட்டால் ஐங்கோணம். ஆறாவதைப் போட்டால் ஐந்து வெளியே, ஒன்று நடுவே. தாம்சன் இதைத் தம் கட்டுரையிலேயே சொல்கிறார். கரும்பலகை சார், இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். எல்லா ஊசியும் ஒரே துருவம் மேலே பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதனால் என்ன லாபம்? இங்கேதான் வேதியியல் வருகிறது. அவர் கணக்குப்படி 59 எலக்ட்ரானிலிருந்து 67 எலக்ட்ரான் வரை உள்ள ஒன்பது அமைப்புகளிலும் வெளிவளையத்தில் 20தான் இருக்கும். கூடுவதெல்லாம் உள்ளே. 60 உள்ள அமைப்பு ஓர் எலக்ட்ரானைச் சுலபமாக இழக்கும், 61 இரண்டை இழக்கும். மறு கோடியில் 66 ஒன்றை வாங்கிக்கொள்ளும். இரண்டு முனையிலும் இருக்கும் 59, 67 இரண்டும் யாரோடும் சேராது. இந்த ஒன்பதையும் ஹீலியத்திலிருந்து நியான் வரைக்குமான தனிம வரிசைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மெண்டலீவ் அட்டவணை போட்டது 1869இல். பண்புகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு அணுவுக்குள் இருந்தே ஒரு காரணம் சொல்லப் பார்த்த முதல் உருப்படியான முயற்சி இது. எண்கள் தப்பு. ஆனால் இணைதிறனுக்கும் வெளி எலக்ட்ரானுக்கும் உள்ள சம்பந்தத்தை நீங்கள் இன்றைக்கும் அதே பாணியில்தான் நடத்துகிறீர்கள்.

இன்னொன்று. 1904இல் தாம்சனின் அணுவில் எலக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நேர்மின்னூட்டத்துக்கு எடையே இல்லை, அணுவின் எடை முழுவதும் எலக்ட்ரானுடையது என்பது அவர் எண்ணம். அப்படியானால் ஹைட்ரஜனுக்கே ஆயிரம் பக்கம் வேண்டும். அதில் ஒரு வசதியும் இருந்தது. சுற்றும் ஒற்றை எலக்ட்ரான் ஒளியாகக் கதிர்வீசி ஆற்றலை இழந்துவிடும். ஒரே வளையத்தில் பல எலக்ட்ரான்கள் சம இடைவெளியில் சுற்றினால் அவற்றின் கதிர்வீச்சு ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிடும். ஆக அணு அத்தனை சீக்கிரம் சுருங்கிச் சாகாது.

இதை உடைத்தது யார் தெரியுமா? தாம்சனேதான். 1906இல் வாயுக்களில் ஒளி விலகுவது, எக்ஸ் கதிர் சிதறுவது, பீட்டா கதிர் (கதிரியக்கத்தில் வெளிவரும் வேக எலக்ட்ரான்கள்) உட்கவரப்படுவது ஆகிய மூன்றையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அணுவில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை ஏறக்குறைய அணு எடை அளவில்தான் இருக்கும் என்று அவரே எழுதினார். ஹைட்ரஜனுக்கு ஆயிரம் இல்லை, ஒன்று போல. எடை எல்லாம் நேர்மின்னூட்டத்தின் பக்கம் போய்விட்டது, கதிர்வீச்சை அடித்துக்கொள்ளத் துணைக்கு ஆளும் இல்லை. தங்கத் தகடு வருவதற்கு முன்பே கட்டடத்தில் விரிசல் விழுந்தாயிற்று.

நிலாமகள்

அருமை. ஒரு சந்தேகம். ஜப்பானில் நாகாவோகா அதே 1904இல், நடுவில் பெரிய நேர்மின்னூட்டம், சுற்றிலும் சனிக் கோளின் வளையம் மாதிரி எலக்ட்ரான்கள் என்று எழுதினாரே? அணுக்கரு யோசனை அவருடையது என்று ஏன் சொல்வதில்லை? ஆசியர் என்பதால்தானா?

பழைய_தாள்

அப்படிச் சொல்ல முடியாது. ரூதர்ஃபோர்டு 1911 கட்டுரையிலேயே நாகாவோகாவைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பிரச்சினை கணக்கில். சனியின் வளையம் நிலைத்து நிற்கும் என்று மேக்ஸ்வெல் நிறுவியிருந்தார். ஆனால் அந்த வளையத்தில் உள்ள துகள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பவை, எலக்ட்ரான்களோ விலக்குபவை. வளையம் லேசாக ஆடினாலும் குலைந்துவிடும் என்று உடனே எதிர்ப்பு வந்தது, அவரும் பிறகு அதைத் தொடரவில்லை. தாம்சன் படம் கணக்கில் நின்றது, நாகாவோகா படம் நிற்கவில்லை. 1904இல் நடுநிலையான ஒருவரைக் கேட்டிருந்தால் தாம்சன் பக்கம்தான் கை காட்டியிருப்பார்.

தேசப்பற்றாளன்

இவர்கள் எல்லோருக்கும் ஈராயிரம் வருடம் முன்பே கணாதர் அணுவைச் சொல்லிவிட்டார். அதை ஒருவரும் பேசவில்லை.

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தாராளமாகப் பேசலாம். கணாதரும் டெமாக்ரிடஸும் பொருள் துண்டு துண்டானது என்றார்கள். பெரிய சிந்தனைதான். இந்த இழை, அணுவைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றியது. டால்டன் 1808இல் ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் 7 என்று அச்சடித்தார். தண்ணீரில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டதால் வந்த விடை அது. தப்பு. ஆனால் தப்பு என்று காட்ட முடிந்தது, 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிஸாரோ வந்து அணு எடைகளை ஒழுங்குபடுத்தவும் முடிந்தது. தொடருங்கள்.

தென்மராட்சியான்

தங்கத் தகட்டுப் பரிசோதனையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். நாங்கள் உயர்தரத்தில் படிக்கும்போது, ரதர்போர்ட் ஒரு நாள் அல்பா துணிக்கையைச் சுட்டார், அது திரும்பி வந்தது, அடுத்த நாள் கரு பிறந்தது என்ற மாதிரித்தான் மனதில் பதிந்தது. உண்மையில் இடையில் இரண்டு வருடம் இருக்கிறது.

1909இல் மான்செஸ்டரில் ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் கைகரும், அப்போது இருபது வயது மாணவனான மார்ஸ்டனும் பார்த்தது, பிளாட்டினத் தகட்டில் பட்ட அல்பா துணிக்கைகளில் சுமார் 8000இல் ஒன்று பின்பக்கம் திரும்பி வருகிறது என்பதை. பார்த்தது என்று சுலபமாகச் சொல்கிறோம். நாக (துத்தநாக) சல்பைட்டுத் திரையில் ஒவ்வொரு துணிக்கை விழும்போதும் ஊசி முனை அளவில் ஒரு மினுக்கம் தெரியும். அதை நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அறை முழு இருட்டு. கண் அந்த இருட்டுக்குப் பழகவே நேரம் வேண்டும், கொஞ்ச நேரம் எண்ணினால் கண் களைத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கணக்கு. தாம்சனின் தங்க அணுவை எடுங்கள். நேர்மின் முழுக் கோளத்திலும் பரவியிருப்பதால் அதன் விசை மெல்லியது. ஒரு அணு அல்பா துணிக்கையைத் திருப்பக்கூடிய ஆகக்கூடிய கோணம் ஒரு பாகையில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். இலத்திரனோ (எலக்ட்ரான்) அல்பாவைவிட 7000 மடங்குக்கு மேல் இலேசானது, அதால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் தாம்சன் பக்கத்தாரிடம் ஒரு பதில் இருந்தது: ஒரு தகட்டில் ஆயிரம் அணு இருக்கிறது, சின்னச் சின்னத் திருப்பங்கள் கூடிக்கூடிப் பெரிய திருப்பமாகலாம் அல்லவா? பீட்டா கதிர் சிதறலில் அது நன்றாகவே பொருந்தியும் வந்தது. ஆகவே ரதர்போர்ட் செய்ய வேண்டியிருந்தது, "திரும்பி வந்தது பார்" என்று கைகாட்டுவதல்ல. கூட்டல் கணக்கால் 90 பாகை வருவதற்கான வாய்ப்பு அநேகமாகச் சூனியம் என்று காட்ட வேண்டும். 0.00004 செ.மீ. தடிப்புள்ள தங்கத் தகட்டில் 20,000இல் ஒன்று சராசரியாக 90 பாகை திரும்புகிறது என்ற அளவீட்டை வைத்து அவர் 1911 மே மாதக் கட்டுரையில் செய்தது அதைத்தான். ஒற்றை மோதல் என்றால் சரி வருகிறது. அதற்கு மின்னேற்றம் எல்லாம் நடுவில் மிகச் சிறிய இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையில் நடுவில் இருப்பது நேர் ஏற்றமா மறை ஏற்றமா என்று அவர் முடிவு கட்டவில்லை. எந்தக் குறியானாலும் சிதறல் சமன்பாடு ஒன்றுதான். வசதிக்காக நேர் என்று வைத்துக்கொண்டார்.

கரும்பலகை

இருபதாயிரத்தில் ஒன்று என்பதைப் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். ஆனால் சின்னத் திருப்பங்கள் கூடிப் பெரிதாகலாம் என்ற எதிர்வாதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தெரியாமல் பையன்களுக்கு இந்தச் சோதனையின் அருமை எப்படிப் புரியும்?

அப்படியானால் 1911இல் தாம்சன் மாதிரி முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?

தென்மராட்சியான்

இல்லை. அதே 1911 இலையுதிர் காலத்தில் பிரசெல்ஸில் பெரிய இயற்பியலாளர்கள் கூடிய முதலாவது சோல்வே மாநாடு நடந்தது. பிளாங்க், ஐன்ஸ்டைன், மேரி கியூரி எல்லாரும் இருந்தார்கள், ரதர்போர்டும் இருந்தார். அவருடைய அணு அங்கே பேசுபொருளே ஆகவில்லை. ஏன் ஆக வேண்டும்? தாம்சன் அணு இரசாயனத்துக்கு ஏதோ ஒரு விளக்கம் தந்தது. ரதர்போர்டின் அணு சிதறலைத் தவிர எதையும் விளக்கவில்லை. இலத்திரன்கள் எங்கே, எப்படி நிற்கின்றன என்ற கேள்வியை அவரே, இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.

அதை உறுதிப்படுத்தியது 1913இல் கைகரும் மார்ஸ்டனும் செய்த இரண்டாம் சுற்று. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மினுக்கங்களை எண்ணியிருக்கிறார்கள். தங்கத்துக்கான அட்டவணையில் மூன்று வரியை மட்டும் தருகிறேன். 150 பாகையில் 33.1, 60 பாகையில் 477, 15 பாகையில் 132,000. ரதர்போர்ட் சமன்பாடு சொல்வது, கோணத்தில் பாதியின் சைனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அதை இந்த எண்ணிக்கையோடு பெருக்கினால் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே விடை வர வேண்டும் என்பது. பெருக்கிப் பாருங்கள். முதலாவதுக்கு 28.8, அடுத்ததுக்கு 29.8, கடைசிக்கு 38.

எண்ணிக்கை நாலாயிரம் மடங்கு மாறுகிறது, பெருக்கல் விடை 28க்கும் 39க்கும் இடையில் நிற்கிறது. இருட்டறையில் கண்ணால் ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கு இது.

சுரேஷ்_கோவை

கைபேசியில் இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். 28.8 வருகிறது! பள்ளியில் இந்தப் பரிசோதனைக்குப் படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. இந்த மூன்று எண்ணைக் கொடுத்திருந்தால் நான் பொறியியல் பக்கம் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

மின்மினி

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாம்சனை வரலாறாக நடத்தலாம், யாருக்கும் சேதாரம் இல்லை. ஆபத்து போர் மாதிரி. கல்லூரியில் குவாண்டம் இயக்கவியல் எடுக்கிறேன். வரும் பிள்ளைகள் தலையில் எலக்ட்ரான் ஒரு குட்டிப் பந்து, அது வட்டமாக ஓடுகிறது என்ற படம் ஆணியடித்தது போல் இருக்கிறது. ஹைட்ரஜனின் அடிநிலையில் போர் கணக்குப்படி கோண உந்தம் ஓர் அலகு, உண்மையில் பூஜ்யம். இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்கு அந்தக் கணக்கு வரவே இல்லை. 1926இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த பிறகும் நூறு வருடமாக வட்டம் வரைந்துகொண்டிருக்கிறோம். நேராக ஆர்பிட்டாலுக்குப் போங்கள் என்று கேட்ட அந்த மாணவிக்கு என் ஓட்டு.

பழைய_தாள்

மின்மினி, வட்டத்தைத் தூக்கிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 1913இல் அந்த வட்டத்தை ஜனங்கள் ஏன் நம்பினார்கள் என்பதையும் சேர்த்துத் தூக்கிப் போடக் கூடாது. அவர்களும் உங்களை மாதிரியே முகம் சுளித்தவர்கள்தான். கட்டுரையின் கைப்பிரதியைப் படித்த ரூதர்ஃபோர்டே போருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எலக்ட்ரான் எங்கே போய் நிற்கப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கிறதா என்ற பொருளில் கேட்டார். கேள்வி சரியான இடத்தில் அடித்தது. போரிடம் பதில் இல்லை.

அவரிடம் இருந்தது எண்கள். பாஸல் நகரப் பள்ளி ஆசிரியர் பால்மர் 1885இல் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். அதில் வரும் மாறிலி ஏன் அந்த மதிப்பு என்று இருபத்தெட்டு வருடம் யாருக்கும் தெரியாது. போர் எலக்ட்ரானின் மின்னூட்டம், அதன் நிறை, பிளாங்க் மாறிலி மூன்றையும் போட்டுக் கணக்கிட்டார். அன்றைய அளவீடுகளில் அவருக்குக் கிடைத்தது 3.1, சோதனையில் தெரிந்தது 3.29 (பத்தின் பதினைந்தாம் அடுக்கை இரண்டோடும் சேர்த்துக்கொள்ளுங்கள்). பரவாயில்லை, ஆனால் ஆளை வீழ்த்தும் அளவுக்கு இல்லை.

ஆளை வீழ்த்தியது ஹீலியம். வானியலாளர் பிக்கரிங் 1896இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் சில கோடுகளைப் பார்த்திருந்தார், ஹைட்ரஜனுடையவை என்றே எல்லோரும் எண்ணினார்கள். 1912இல் லண்டனில் ஃபௌலர் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் அவற்றை உண்டாக்கியும் காட்டினார். போர் மட்டும், அது ஹைட்ரஜன் இல்லை, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். மின்னூட்டம் இரண்டு மடங்கு, ஆகவே மாறிலி நான்கு மடங்கு. ஃபௌலர் விடவில்லை. என் அளவீட்டில் விகிதம் சரியாக 4 இல்லையே, சின்ன வித்தியாசம் இருக்கிறதே என்றார். போர் சொன்னார்: அணுக்கரு அசையாமல் நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன், உண்மையில் அதுவும் லேசாக அசையும், ஹைட்ரஜன் கரு எடை குறைவு என்பதால் அதிகமாக அசையும், அதைச் சேர்த்தால் விகிதம் 4.00163. ஃபௌலரின் அளவீடு 4.0016.

எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் இருந்த பிழை, பிளாங்க் மாறிலியில் இருந்த பிழை எதுவும் இந்த விகிதத்தைத் தொடாது, இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். எதிராகச் சொல்லவந்த ஆளின் அளவீடே ஐந்தாவது இலக்கம் வரை ஆதரவாகத் திரும்பியது. ரூதர்ஃபோர்டின் அணுக்கரு வெறும் சிதறல் கணக்காக இருந்தது போய், நிறமாலைக்குள்ளும் அதன் அசைவு தெரிந்தது. ரூதர்ஃபோர்டு அணுவுக்கு உயிர் கொடுத்தது போர்தான் என்பது என் கருத்து. 1913, 14இல் மோஸ்லி எக்ஸ் கதிர் கோடுகளை வைத்துத் தனிமங்களுக்கு வரிசை எண் போட்டதும் அந்த உயிரில்தான். எடைப்படி பார்த்தால் நிக்கலுக்குப் பின்னால் போக வேண்டிய கோபால்ட் 27, நிக்கல் 28 என்று உறுதியாயிற்று. 43, 61, 75 காலி என்று இடம் பிடித்துவைத்தார். 1915இல் கலிபோலிப் போர்க்களத்தில் 27 வயதில் செத்துப்போனார், அந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

அப்புறம் ஒரு சமாச்சாரம். போர் 1911இல் டென்மார்க்கிலிருந்து கிளம்பி முதலில் போனது தாம்சனிடம், கேம்பிரிட்ஜுக்கு. 1913 கட்டுரையின் இரண்டாம் பகுதியில் பெரிய அணுக்களுக்கு எலக்ட்ரான் வளையங்களை அடுக்குகிறார் பாருங்கள், அந்தச் சிந்தனை தாம்சன் வீட்டுச் சொத்து.

மின்மினி

4.00163 கதையை ஒப்புக்கொள்கிறேன், அழகான சான்று. ஆனால் அது வட்டப்பாதைக்குச் சான்று இல்லையே. ஆற்றல் நிலைகளுக்கும் கருவின் அசைவுக்கும் சான்று. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலும் அதே விகிதம் அப்படியே வருகிறது. அதைத்தான் நான் சொல்கிறேன்: ஆற்றல் நிலைகளை நடத்துங்கள், பாதையை விடுங்கள்.

பழைய_தாள்

அதில் தகராறு இல்லை. 1914இல் ஃபிராங்க், ஹெர்ட்ஸ் இருவரும் பாதரச ஆவியில் எலக்ட்ரானை விட்டு, 4.9 வோல்ட்டில் ஆற்றல் மொத்தமாகப் பிடுங்கப்படுகிறது என்று காட்டினார்களே, அதற்கும் வட்டம் தேவையில்லை. பள்ளியில் போருக்கு ஒரு பாடவேளைதான் என்றால் ஆரத்துக்கான சூத்திரத்தை விட்டுவிட்டு இதை நடத்தலாம்.

கரும்பலகை

ஆரத்துக்கான சூத்திரம் தேர்வில் வரும்! அதை விட முடியாது. ஆனால் 4.9 வோல்ட் உள்ளே வரும்.

நிலாமகள்

எல்லோரும் எலக்ட்ரான் பக்கமே பேசுகிறோம். அணுக்கருவுக்குள் என்ன இருக்கிறது என்பதிலும் ஒரு தப்பு மாதிரி இருபது வருடம் ஓடியது, பாடப் பக்கங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நியூட்ரான் 1932இல் சாட்விக் கண்டது. அதுவரை கருவுக்குள் என்ன இருப்பதாக நினைத்தார்கள்? புரோட்டானும் எலக்ட்ரானும்! நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 14, மின்னூட்டம் 7. ஆகவே 14 புரோட்டான், அதில் 7இன் மின்னூட்டத்தை ஈடுகட்டக் கருவுக்குள்ளேயே 7 எலக்ட்ரான். இதை விளையாட்டாக யாரும் சொல்லவில்லை. பீட்டா கதிரில் எலக்ட்ரான் கருவிலிருந்துதானே வெளியே வருகிறது, அப்படியானால் உள்ளே இருந்திருக்கத்தானே வேண்டும்?

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டார். மறு வருடமே ராசெட்டி என்ற இத்தாலியர் அமெரிக்காவில் அதே முறையில் நைட்ரஜன் வாயுவின் நிறமாலையை எடுத்தார். அந்த மூலக்கூறு சுழல்வதால் வரும் கோடுகள் ஒன்று பளிச், அடுத்தது மங்கல் என்று மாறிமாறி வரும். எந்த வரிசை பளிச் என்பது, கருவுக்குள் இருக்கும் துகள்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைச் சொல்லிவிடும். 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும் என்றால் 21, ஒற்றைப்படை. ராசெட்டியின் கோடுகளைப் பார்த்து ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்க்கும் 1929இலேயே சொன்னார்கள்: இது இரட்டைப்படைக்காரன், போஸ் புள்ளியியலுக்கு (இரட்டைப்படைத் துகள் கூட்டங்களுக்கான விதி) கட்டுப்பட்டவன்.

கருவுக்குள் எலக்ட்ரான் எண்ணிக்கையில் சேருவதில்லையோ என்றெல்லாம்கூடக் குழம்பினார்கள். நியூட்ரான் வந்து, 7 புரோட்டான் 7 நியூட்ரான், கூட்டினால் 14 என்று ஆனதும்தான் அந்தக் கணக்கு நேரானது.

மின்மினி

இதை நான் பாடமாக எடுத்திருக்கிறேன், ஆனால் ராமன் விளைவின் முதல் பெரிய அறுவடைகளில் ஒன்று என்று சொல்லி எடுத்ததில்லை. நன்றி நிலாமகள். பீட்டா சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான் ஏற்கெனவே உள்ளே இருந்ததல்ல, அந்த நேரத்தில் உண்டாவது என்று 1934இல் ஃபெர்மி எழுதும்வரை அந்த வாதத்துக்கு வலு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுரேஷ்_கோவை

எனக்கு ஒரே ஒரு கேள்வி. தென்மராட்சியான் அண்ணா கொடுத்த அந்த நான்காம் அடுக்குக் கணக்கு எல்லாத் தனிமத்துக்கும் பொருந்துமா? இல்லை, தங்கத்துக்கு மட்டுமா?

தென்மராட்சியான்

1913இல் வெள்ளிக்கும் பார்த்தார்கள், பொருந்தியது. உடைந்தது இலேசான மூலகங்களில். காரணம் தூரம். அன்று அவர்களிடம் இருந்த அல்பா துணிக்கை தங்கக் கருவுக்கு எதிரே நேராகப் போனாலும் அதன் 79 அலகு மின்னேற்றம் தள்ளிவிடும். ஒரு செ.மீ.யில் இலட்சம் கோடியில் 3 பங்கு தூரத்துக்கு மேல் கிட்டப் போகவே முடியாது. தங்கக் கருவின் ஆரை அதில் நாலில் ஒன்றளவுதான். அதாவது 1911இல் ரதர்போர்டின் அல்பா எதுவும் தங்கக் கருவைத் தொடவே இல்லை, அதன் மின்புலத்தை மட்டும்தான் உணர்ந்தது.

ஐதரசனுக்கு ஏற்றம் ஒன்றுதான், ஆகவே அல்பா மிகக் கிட்டப் போகலாம். 1919இல் ரதர்போர்ட் அதில் அல்பாவைச் செலுத்தியபோது எண்ணிக்கை தன்னுடைய சமன்பாட்டுக்கு ஒத்து வரவில்லை. 1921இல் சாட்விக்கும் பீலரும் அதைத் திருத்தமாக அளந்து, அவ்வளவு கிட்டத்தில் மின்விசையோடு சேராத, மிகப் பலமான வேறொரு விசை வேலை செய்கிறது என்று எழுதினார்கள். மின்விசையைத் தவிர வேறொன்றும் கருவில் இருக்கிறது என்பதற்கு முதல் அளவீடு அதுதான். சுரேஷ், உங்கள் கைபேசியில் தங்கத்தின் 33.1ஐப் பெருக்கினீர்கள் அல்லவா, அதே பெருக்கல்தான் ஐதரசனில் தோற்றது.